பேப்பரை நிறுத்திவிடலாமா? அச்சு நாளிதழ், இ-பேப்பர், செய்தித் தளம், யூடியூப்: ஓர் ஒப்பீடு

பேப்பர்காரர் மாதப் பில்லைக் கொடுக்கும்போது பல வீடுகளில் இப்போது இந்தப் பேச்சு எழுகிறது. எல்லாம்தான் போனிலேயே வந்துவிடுகிறதே, இதற்கு எதற்குத் தனியாகக் காசு? கேள்வி நியாயமானது. காலையில் கதவுக்கு வெளியே கிடக்கும் பேப்பரில் இருக்கும் தலைப்புச் செய்தியை முந்தின நாள் இரவே பார்த்துவிட்டுத்தான் தூங்கப் போயிருப்போம். விலையும் ஏறிக்கொண்டே போகிறது. வாரத்தில் பாதி நாள் மடிப்புக்கூடக் கலையாமல் பழைய பேப்பர் கட்டில் போய்ச் சேருகிறது.

ஆனாலும் நிறுத்துவதற்கு முன்னால் என்னென்ன வழிகள் இருக்கின்றன, எதில் எது கிடைக்கும், எது கிடைக்காது என்று ஒருமுறை உட்கார்ந்து பார்ப்பது நல்லது. தமிழ்நாட்டில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு நான்கு வழிகள்: அச்சு நாளிதழ், அதன் இ-பேப்பர், செய்தி இணையதளமும் ஆப்பும், யூடியூப்பும் வாட்ஸ்அப்பும். இவற்றை ஒப்பிட எனக்கு முக்கியமான அளவுகோல் ஒன்றுதான்: உங்கள் தாலுகாவில் நடப்பது உங்களுக்குத் தெரிய வருகிறதா? டெல்லியில் நடப்பதும் அமெரிக்கத் தேர்தலும் கிரிக்கெட் ஸ்கோரும் எந்த வழியில் போனாலும் வந்து சேர்ந்துவிடும். உங்கள் ஊர் ஏரியில் மண் அள்ளுவதற்குக் கொடுத்த அனுமதியும், பக்கத்துப் பஞ்சாயத்தின் குடிநீர்ப் பிரச்சினையும் அப்படித் தானாக வந்து சேராது. விலை, வேகம், வசதி எல்லாம் அதற்கு அடுத்துத்தான்.

முதலில் அச்சின் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் தி இன்டிபென்டன்ட் 2016 மார்ச்சில் அச்சை நிறுத்தி முழுக்க இணையத்துக்குப் போனது. 1703-ல் தொடங்கிய வியன்னாவின் வீனர் சைட்டுங் 2023 ஜூன் கடைசியில் தன் அன்றாட அச்சுப் பதிப்பை முடித்துக்கொண்டது. நமக்கு நெருக்கமான இழப்பு, மலேசியாவின் தமிழ் நேசன். 1924-ல் தொடங்கிய அந்த நாளிதழ் 2019 ஜனவரி கடைசியோடு நின்றுபோனது. தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் படித்த பேப்பர் அது. இலங்கையில் காரணம் வேறு. 2022-ல் டாலர் தட்டுப்பாட்டால் காகிதம் இறக்குமதி செய்ய முடியாமல் தி ஐலண்ட், அதன் சிங்களச் சகோதர இதழ் திவயின இரண்டும் மார்ச் மாதத்தில் அச்சை நிறுத்திவைக்க வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டில் பெரிய நாளிதழ்கள் அச்சில்தான் இருக்கின்றன. ஆனால் காகித விலை அவற்றின் கழுத்தைப் பிடித்திருக்கிறது. இந்தியா தன் செய்தித்தாள் காகிதத்தில் பெரும்பகுதியை வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. 2019 பட்ஜெட்டில் அதற்கு 10 சதவீத சுங்க வரி போட்டார்கள். அடுத்த ஆண்டு அதை 5 ஆகக் குறைத்தார்கள். 2022-ல் உக்ரைன் போர் வந்தபோது ரஷ்யாவிலிருந்து வந்துகொண்டிருந்த காகிதம் சிக்கலாகி விலை தாறுமாறாக ஏறியது. கரூர் மாவட்டம் புகளூரில் கரும்புச் சக்கையிலிருந்து செய்தித்தாள் காகிதம் தயாரிப்பதற்கென்றே 1979-ல் தமிழக அரசு ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது. பெயரே தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம். அதுவும் இன்று பெரும்பாலும் எழுதும் தாள், அச்சுத் தாள் பக்கம் போய்விட்டது.

இதில் நாம் வாசகர்களாகச் சேர்த்து யோசிக்க வேண்டிய ஒன்று உண்டு. நாம் கொடுக்கும் விலை பேப்பர் தயாரிக்கும் செலவுக்கு என்றுமே போதியதில்லை. மீதியை விளம்பரம் கட்டியது. 2005-ல் தினகரன் கைமாறியபோது விலையை ஒரு ரூபாய்க்குக் குறைத்தார்கள். விற்பனை எகிறியது. செய்தி என்றால் ஏறக்குறைய இலவசம் என்ற எண்ணம் இணையத்துக்கு முன்பே நமக்குள் ஊறிவிட்டது. இப்போது விளம்பரக் காசு கூகுளுக்கும் மெட்டாவுக்கும் போகிறது. நிருபருக்குச் சம்பளம் கொடுக்கும் இடம் காய்கிறது. நான்கு வழிகளில் எதைத் தேர்ந்தெடுத்தாலும், அதில் நாம் கட்டும் காசு யாரிடம் போகிறது என்பதையும் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

அச்சு நாளிதழ்: இரண்டாம் பக்கத்திலிருந்து படியுங்கள்

தமிழ் நாளிதழ்களின் உண்மையான பலம் முதல் பக்கத்தில் இல்லை. 1942-ல் சி.பா. ஆதித்தனார் தினத்தந்தியை மதுரையில் தொடங்கினார். பிறகு அது ஊர் ஊராகப் பதிப்புகளைத் திறந்துகொண்டே போனது. 1951-ல் திருவனந்தபுரத்தில் பிறந்த தினமலர் சில ஆண்டுகளில் திருநெல்வேலிக்கு வந்தது. சென்னையிலிருந்து ரயிலேறி வரும் பேப்பருக்காக மத்தியானம் வரை காத்திருந்த ஊர்களுக்கு, விடியற்காலையில் உள்ளூர்ச் செய்தியோடு பேப்பர் கிடைக்க ஆரம்பித்தது. மாவட்டத்துக்கு மாவட்டம் உள்பக்கங்களை மாற்றி அச்சடிக்கும் இந்த ஏற்பாடுதான் தமிழ்ப் பத்திரிகை உலகம் கட்டிய பெரிய காரியம் என்று நான் நினைக்கிறேன். தாலுகா அளவில் ஒரு பகுதிநேர நிருபர், அவரிடமிருந்து செய்தி வாங்க மாவட்டத் தலைநகரில் ஓர் அலுவலகம், அங்கிருந்து பதிப்பு அலுவலகம் என்று ஒரு சங்கிலி அது. அந்த நிருபருக்குக் கிடைக்கும் பணம் சொற்பம். பல இடங்களில் செய்தி அனுப்புவதோடு விளம்பரமும் பிடித்துத் தர வேண்டியிருக்கிறது. அதனால் உள்ளூர்ப் பெரும்புள்ளியைப் பற்றிய செய்தி அமுங்கிப்போவதும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. அப்படியும், ஒரு ஒன்றியக் கூட்டத்துக்குத் தொடர்ந்து போய் உட்காருகிறவர் பெரும்பாலும் அவர் ஒருவர்தான்.

அடுத்தது, பெரும்பாலோர் கண்ணை ஓட்டாமல் தாண்டிப்போகும் பொது அறிவிப்புகள். இங்கே கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் பேப்பரை நிறுத்துகிறவர்கள் எதை இழக்கிறோம் என்று தெரியாமலே இழப்பது இதைத்தான். 2013-ன் நிலம் கையகப்படுத்தும் சட்டப்படி, ஒரு பகுதியில் நிலம் எடுக்கப்போகிறார்கள் என்றால் முதல்கட்ட அறிவிப்பை அந்தப் பகுதியில் விற்கும் இரண்டு நாளிதழ்களில் வெளியிட வேண்டும். அதில் ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும். அறிவிப்பு வெளியான நாளிலிருந்து 60 நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். வங்கி ஒரு வீட்டைக் கடனுக்காகக் கைப்பற்றினால், வாராக்கடன் வசூலுக்கான சர்ஃபேசி சட்டத்தின் விதிகளின்படி அந்த அறிவிப்பும் இரண்டு நாளிதழ்களில் வர வேண்டும், ஒன்று தமிழில். சுற்றுச்சூழல் அனுமதிக்கான பொதுக்கருத்துக் கேட்புக் கூட்டம் எங்கே, எப்போது என்பதையும் நாளிதழில்தான் அறிவிக்கிறார்கள். பத்திரம் தொலைந்துபோனால் விளம்பரம் கொடுப்பதும் அங்கேதான். வாங்கப்போகும் மனையைப் பற்றி யாராவது பொது அறிவிப்பு கொடுத்திருந்தால் அதுவும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும்.

சட்டம் இன்னமும் 'ஊர் மக்களுக்குத் தெரிவித்தாகிவிட்டது' என்பதற்கு நாளிதழை ஒரு சாட்சியாக வைத்திருக்கிறது. ஊர் மக்களோ நாளிதழை விட்டு நகர்ந்துகொண்டிருக்கிறார்கள். அந்த அறிவிப்பு எந்த நியூஸ் ஆப்பிலும் நோட்டிஃபிகேஷனாக வராது. நிலம் வைத்திருக்கிறவர்கள், அதுவும் புறவழிச்சாலை, தொழிற்பூங்கா என்று பேச்சு அடிபடும் ஊர்களில் இருக்கிறவர்கள், இதை மனதில் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

மூன்றாவது, பொறுப்பு. எந்த நாளிதழிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர், ஆசிரியர் யார் யார் என்று சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். 1867-ன் சட்டத்திலிருந்து வருகிற கட்டாயம் அது. 2024 மார்ச்சில் புதிய பதிவுச் சட்டம் அதன் இடத்துக்கு வந்திருக்கிறது. தவறான செய்தி வந்தால் யார் மீது புகார் சொல்வது என்பதில் குழப்பமில்லை. பிரஸ் கவுன்சில் ஆஃப் இந்தியாவுக்கு எழுதலாம். அபராதம் போடும் அதிகாரம் அதற்கு இல்லை, கண்டிக்க மட்டுமே முடியும் என்பது உண்மை. ஆனால் இணையத்தில் மட்டும் இயங்கும் தளமோ யூடியூப் சேனலோ அந்தக் கவுன்சிலின் வரம்புக்குள்ளேயே வருவதில்லை. தவிர, அச்சாகிவிட்ட பிழையைச் சத்தமில்லாமல் திருத்த முடியாது. அது நூலகக் கட்டில் அப்படியே இருக்கும்.

வீட்டுக்குள் நடப்பதையும் சொல்ல வேண்டும். பேப்பர் மேஜையில் கிடந்தால் பிள்ளைகள் தமிழ் எழுத்தைத் தினமும் பார்க்கிறார்கள். விளையாட்டுப் பக்கத்துக்காக எடுத்தவன் பக்கத்தில் இருக்கும் விபத்துச் செய்தியையும் படிக்கிறான். தாத்தாவுக்கு அது காலை நேரத்தின் வேலை. ஒரே பிரதியை ஐந்து பேர் படிக்கலாம், கடவுச்சொல் கேட்காது. டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கிறவர்கள் அடிக்கோடிட்டுக் குறிப்பு எடுப்பதற்கும் அச்சே வசதி.

குறைகளும் நிறைய. மாவட்டப் பதிப்பு முன்னிரவிலேயே அச்சுக்குப் போய்விடுவதால் பின்னிரவில் நடப்பது அதில் இருக்காது. பொங்கல், தீபாவளி போன்ற பண்டிகைகளுக்கு மறுநாள் பல பேப்பர்கள் வருவதில்லை, அந்த இரண்டு நாட்களில் உலகம் நிற்பதுமில்லை. சில நாட்கள் முதல் பக்கத்தைத் தேட நான்கு பக்க விளம்பரத்தைப் புரட்ட வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் விநியோகம். விடியற்காலை நாலரைக்கு எழுந்து கட்டுப் பிரிக்க ஆள் கிடைப்பதில்லை என்று ஏஜென்ட்டுகள் சொல்கிறார்கள். புறநகரில் புதிதாக வந்த குடியிருப்புகளுக்கு 'அந்தப் பக்கம் லைன் இல்லை சார்' என்று கைவிரித்துவிடுகிறார்கள். எட்டரை மணிக்கு வரும் பேப்பரால் வேலைக்குப் போகிறவருக்குப் பயனில்லை. உங்கள் வீட்டில் நிலைமை இதுதான் என்றால், அச்சைத் தொடரச் சொல்லி நான் வற்புறுத்த மாட்டேன்.

இ-பேப்பர்: பலர் யோசித்தே பார்க்காத வழி

அச்சா, இணையமா என்று பேசுகிறவர்கள் இதை ஏனோ விட்டுவிடுகிறார்கள். அச்சில் வந்த அதே பக்கங்கள், அதே அமைப்பில், திரையில். மாவட்டப் பக்கம் இருக்கிறது, பொது அறிவிப்பு இருக்கிறது, அஞ்சலி விளம்பரம் இருக்கிறது. முடிவு என்று ஒன்றும் இருக்கிறது: கடைசிப் பக்கம் வந்தால் படித்து முடித்தாகிவிட்டது. பேப்பர்காரர் வருவதற்கு முன்பே திறந்துவிடலாம். திருச்சியில் பிறந்து துபாயில் இருப்பவர் திருச்சிப் பதிப்பையே படிக்கலாம். ஊருக்கு வெளியே இருக்கிற தமிழர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை என்பேன். சென்னையில் வேலை பார்த்துக்கொண்டு தென்காசியில் நிலம் வைத்திருப்பவருக்கும் அப்படித்தான். அவர் வீட்டுக்கு வரும் அச்சுப் பேப்பர் சென்னைப் பதிப்பு. அதில் தென்காசிச் செய்தி எதிர்பார்க்க முடியாது.

சந்தா பெரும்பாலும் அச்சுப் பேப்பரின் ஆண்டுச் செலவைவிடக் கணிசமாகக் குறைவு. சில நாளிதழ்கள் இலவசமாகவே திறந்துவைத்திருக்கின்றன, சில பதிவு செய்யச் சொல்கின்றன, சிலவற்றுக்குக் காசு கட்ட வேண்டும். ஒரு முரண் இதில் எனக்கு வருத்தமளிக்கிறது. அச்சிட்ட நாளிதழுக்கு ஜிஎஸ்டி கிடையாது. அதே செய்தியை இணையச் சந்தாவாக வாங்கினால் 18 சதவீத வரி. அறிவுக்கு வரி வேண்டாம் என்ற பழைய நியாயம் காகிதத்தோடு நின்றுவிட்டது. வாசகர்கள் இணையத்துக்குப் போன பிறகும் அந்த நியாயம் அவர்கள் பின்னால் வரவில்லை. இதை மாற்றச் சொல்லி வாசகர்களும் கேட்க வேண்டும்.

இதன் பலவீனம் திரையின் அளவு. அகலத் தாளுக்காக வடிவமைத்த பக்கத்தை ஆறு அங்குல போனில் இழுத்து இழுத்துப் படிப்பது கொடுமை. நாலாவது நாளே விட்டுவிடுவீர்கள். பத்து அங்குல டேப்லெட்டோ கணினியோ இருந்தால் மட்டுமே இந்த வழியை எடுங்கள். செய்தியைத் தொட்டால் தனியாகப் பெரிய எழுத்தில் விரியும் வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள். எல்லா இ-பேப்பரிலும் அது சரியாக வேலை செய்வதில்லை. பழைய இதழ்கள் எத்தனை நாள் வரை திறக்கும் என்பதும் இதழுக்கு இதழ் மாறுகிறது.

புதிய மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு குறிப்பு: 2020-ல் தனியான மயிலாடுதுறை போன்ற மாவட்டங்களின் பெயர் பதிப்புப் பட்டியலில் தெரியாவிட்டால், பழைய மாவட்டத்தின் பெயரில் உள்ள பதிப்பைத் திறந்து பாருங்கள்.

இணையதளமும் ஆப்பும்

வேகத்தில் இதற்கு ஈடு இல்லை. 1878 முதல் வரும் தி இந்து, 2015 டிசம்பர் 2 அன்று சென்னையில் அச்சாகவில்லை. மறைமலைநகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச் சேர முடியாத அளவுக்கு வெள்ளம். எந்த ஏரி திறக்கிறது, எந்தச் சாலை மூடியிருக்கிறது என்பது அன்றைக்கு மணிக்கு மணி தேவைப்பட்டது. அதை எந்த அச்சுப் பேப்பரும் கொடுத்திருக்க முடியாது. புயல், வெள்ளம், தேர்தல் முடிவு, தேர்வு முடிவு, பள்ளி விடுமுறை அறிவிப்பு ஆகியவற்றுக்கு இதுதான் வழி, சந்தேகமே இல்லை. எழுத்தைப் பெரிதாக்கலாம், படிக்க முடியாதவர்கள் கேட்கலாம். கண் மங்கியவர்களுக்கு அச்சைவிட இதுவே நல்லது.

ஆனால் அதே பேப்பரின் இணையதளம் அதே பேப்பர் அல்ல. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அச்சில் உங்கள் மாவட்டத்துக்கு என்று பக்கம் ஒதுக்கியிருப்பார்கள். தளத்தின் முகப்பில் மாநிலம் முழுவதற்கும் ஒரே வரிசை, அதிகம் பேர் சொடுக்குவது மேலே போகும். வலங்கைமான் பேரூராட்சிச் செய்தியும் நடிகரின் திருமணச் செய்தியும் ஒரே வரிசையில் நின்றால் எது மேலே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 'மாவட்டம்' என்ற பட்டி பெரும்பாலான தளங்களில் இருக்கிறது. ஆனால் அச்சுப் பக்கத்தில் வந்த எல்லாம் அங்கே ஏறுவதில்லை. பொது அறிவிப்புகளோ அறவே இருப்பதில்லை. தலைப்பைப் படித்தாலும் என்ன நடந்தது என்று தெரியாதபடி எழுதுவது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. மூன்று வரிச் செய்திக்கு நடுவே ஐந்து விளம்பரம் குதிக்கிறது. இலவசத் தளத்தின் வாடிக்கையாளர் விளம்பரதாரர், நாம் இல்லை.

காசு கட்டிப் படிக்கும் தளங்களில் இந்தத் தொல்லை நிறையக் குறைகிறது. ஆழமான கட்டுரை, விசாரணைச் செய்தி வேண்டும் என்பவர்கள் ஏதாவது ஒன்றுக்காவது சந்தா கட்டுவது நியாயம்.

இணையத்துக்கென்று ஒரு ஆபத்தும் உண்டு. 2025 பிப்ரவரியில் பிரதமரைப் பற்றிய ஒரு கேலிச்சித்திரத்துக்காக விகடன் இணையதளம் முழுவதும் முடக்கப்பட்டது. பிரச்சினை ஒரு படம். திறக்காமல் போனது மொத்தத் தளமும். மார்ச் 6 அன்று சென்னை உயர்நீதிமன்றம் தலையிட்டு, அந்தப் படம் இருந்த பக்கத்தை நீக்கிவிட்டுத் தளத்தைத் திறக்க உத்தரவிட்டது. அச்சிட்டு வீடு வந்து சேர்ந்துவிட்ட பிரதியை இப்படி ஓர் உத்தரவால் மறைக்க முடியாது. 2018 மே 22-ல் தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். அதற்கு மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையத்தையே நிறுத்தினார்கள். செய்தி அதிகம் தேவைப்பட்ட நாட்களில், தேவைப்பட்ட இடத்தில், போனில் செய்தி இல்லை. அதே ஆண்டு நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் மின்கம்பங்களையும் செல்போன் கோபுரங்களையும் சாய்த்தபோது போனைச் சார்ஜ் செய்யவே வழியில்லாத கிராமங்கள் எத்தனையோ.

ஆக வெள்ளத்தில் அச்சு நின்றது, அரசு உத்தரவில் இணையம் நின்றது. இரண்டில் ஒன்றை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

யூடியூப், வாட்ஸ்அப்

இதற்குக் காசு இல்லை, தேட வேண்டியதில்லை, தானாக வருகிறது. இதில் நல்லதும் நடந்திருக்கிறது. பேப்பர்கள் தொடத் தயங்கும் உள்ளூர் முறைகேட்டை, சாதிக் கொடுமையை, தண்ணீரில் கலக்கும் சாயக்கழிவை ஊர் இளைஞர்களே படமெடுத்துப் போட்டு வெளியே கொண்டுவந்திருக்கிறார்கள். நாளிதழில் இருந்து விலகி வந்த நல்ல செய்தியாளர்கள் சிலர் யூடியூப்பில் பொறுமையாக விளக்கிப் பேசுகிறார்கள். அவர்களை நானும் கேட்கிறேன்.

ஆனால் இதை மட்டும் ஒரு வீட்டின் செய்தி வழியாக வைத்துக்கொள்ளக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்கு வந்த குடும்பத்தில் ஒரு மூதாட்டி குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்று அதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் பரவியிருந்த வதந்தியை நம்பிய கூட்டம் அவரை அடித்தே கொன்றது. நாடெங்கும் அப்படிப் பல உயிர்கள் போன பிறகுதான் அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி கட்டுப்படுத்தியது. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்யான வீடியோக்கள் பரவின. பயத்தில் பலர் வேலையை விட்டு ரயிலேறினார்கள். இந்தப் பொய்ச் செய்தி தொடர்பாக ஒரு இந்தி நாளிதழின் ஆசிரியர் மீதும் காவல்துறை வழக்குப் பதிந்தது. பேப்பர் என்றால் எல்லாம் உண்மை என்று நான் சொல்லவில்லை. பேப்பரில் வந்தபோது வழக்குப் போட ஒரு பெயரும் முகவரியும் இருந்தது. ஃபார்வர்டில் வந்த வீடியோவை முதலில் அனுப்பியவர் யார் என்று கண்டுபிடிப்பதே ஒரு விசாரணை.

வேகத்துக்கு என்ன விலை என்பதற்கு இன்னொரு நாளையும் நினைவுபடுத்துகிறேன். 2016 டிசம்பர் 5 மாலையில் முதல்வர் ஜெயலலிதா இறந்துவிட்டதாகச் சில தமிழ்த் தொலைக்காட்சிகள் அறிவித்தன. கட்சி அலுவலகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. மருத்துவமனை மறுத்தது, கொடி திரும்ப ஏறியது. அவர் இறந்த நேரமாக அறிவிக்கப்பட்டது இரவு 11.30. தொழில்முறைச் செய்தி அறைகளுக்கே அந்த நெருக்கடி என்றால், தம்ப்நெயிலை நம்பிப் பிழைக்கும் சேனல் எப்படிப் பொறுமை காக்கும்? செய்தி நிறுவனத்தின் லோகோவைப் போட்டுப் போலி நியூஸ் கார்டு செய்வது இப்போது சில நிமிட வேலை. அப்படி ஒன்று வந்தால் அந்த நிறுவனத்தின் சொந்தப் பக்கத்தில் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும்.

செலவு

இது சுருக்கம்தான். நாள் விலை சராசரியாக 7 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 210, வீட்டில் போடுவதற்கான கட்டணம் தனி. ஆண்டுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறைத் தாண்டும். பழைய பேப்பர் கடையில் அதில் கொஞ்சம் திரும்பி வரும். (அதில் பஜ்ஜி, வடை வைத்துச் சாப்பிடாதீர்கள். அச்சு மை உணவில் கலப்பதால் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதைத் தடுத்திருக்கிறது.) தமிழ் ஒன்று, ஆங்கிலம் ஒன்று என்று இரண்டு பேப்பர் வாங்கும் வீட்டில் இந்தத் தொகை இரட்டிப்பாகும். இணையத்துக்குச் சந்தாவும் வரியும். டேட்டா எப்படியும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். காசே கட்ட முடியாது என்பவர்களுக்கு நூலகம் இருக்கிறது. கிளை நூலகத்தில் காலையில் போனால் நாலைந்து நாளிதழாவது மேஜையில் இருக்கும். அங்கே போய் உட்காரும் பழக்கம் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களிடம் இன்னும் இருப்பது சந்தோஷம்.

எனவே யாருக்கு எது?

பள்ளிப் பிள்ளைகளோ வயதானவர்களோ இருக்கும் வீட்டில் ஒரு தமிழ் நாளிதழை அச்சில் தொடருங்கள். இரண்டு பேப்பர் வாங்குகிறீர்கள் என்றால் ஆங்கிலத்தை இணையச் சந்தாவுக்கு மாற்றுங்கள். மிச்சமாகும் காசு அங்கேதான் இருக்கிறது. ஆங்கில நாளிதழ்களின் தளங்கள் தமிழ்த் தளங்களைவிட முழுமையாகவும் இருக்கின்றன. ஊரில் நிலமோ வீடோ வைத்துக்கொண்டு வெளியே வசிக்கிறவர்கள் அந்த மாவட்டத்தின் இ-பேப்பரை எடுங்கள், தினமும் முடியாவிட்டாலும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அறிவிப்புப் பக்கங்களை ஓட்டிப் பாருங்கள். தனியாக அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போகிறவர்களுக்கு அச்சு தேவையில்லை. காசு கட்டிய தளம் ஒன்று, வார இறுதியில் கடையில் வாங்கும் ஞாயிறு பேப்பர் ஒன்று போதும். பேப்பர் சரியான நேரத்துக்கு வராத குடியிருப்பில் இருந்தால், அதோடு மல்லுக்கட்டாமல் டேப்லெட்டில் இ-பேப்பருக்குப் போய்விடுங்கள்.

எங்கள் வீட்டில் தமிழ் அச்சு, ஆங்கிலம் இணையம், மழைக்காலத்தில் மட்டும் ஆப் நோட்டிஃபிகேஷன் என்று வைத்திருக்கிறோம். மற்ற மாதங்களில் நோட்டிஃபிகேஷனை அணைத்துவிடுவோம். செய்தி ஒன்றும் தப்பிப்போனதாகத் தெரியவில்லை. அச்சுக்குக் கொடுக்கும் காசை நான் அந்தத் தாலுகா நிருபருக்குக் கொடுப்பதாகவே நினைக்கிறேன். அவர் கைக்கு அதில் எவ்வளவு குறைவாகப் போகிறது என்பது தெரிந்தும்தான். மாவட்டப் பக்கம் மெலிந்து, இரண்டு மாவட்டத்தை ஒரே பக்கத்தில் அடைக்க ஆரம்பித்தால், அந்த வாரமே பத்திரிகைக்கு எழுதிக் கேளுங்கள். சந்தாதாரர் கேட்டால் பதில் சொல்கிறார்கள்.

நிறுத்துவது என்று முடிவானால், மாதம் முடிவதற்கு ஒரு வாரம் முன்பே பேப்பர்காரரிடம் சொல்லிவிடுங்கள். அவர் ஏஜென்டிடம் கட்டில் ஒரு பிரதியைக் குறைக்கச் சொல்ல வேண்டும், சொல்லாமல் விட்டால் அந்த இழப்பு அவர் தலையில்தான் விழும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போட முடியுமா என்றும் கேளுங்கள், பல ஊர்களில் ஒப்புக்கொள்கிறார்கள். இணையச் சந்தா எடுக்கிறவர்கள் முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் எடுத்து, வீட்டில் எத்தனை பேர் உண்மையில் திறந்து படிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு ஆண்டுச் சந்தாவுக்குப் போங்கள். பணம் கட்டும்போது தானாகப் புதுப்பிக்கும் தெரிவு 'ஆன்' ஆக இருக்கும், அதை அணைத்துவிடுங்கள்.